லாக் புக்கில் ‘முடிந்தது’ என்று எழுதினால் போதுமா?

கேள்வி: “வணக்கம் சார். நானும் என் இரண்டு நண்பர்களும் சேர்ந்து போன வருடம் ஒரு பழைய செஸ்னா 172 வாங்கினோம். 1970-களின் கடைசியில் தயாரானது, 160 குதிரைத்திறன் லைகாமிங் எஞ்சின். பல வருடம் மங்களூரு பக்கம் கடலோரத்தில் இருந்த விமானம், இப்போது பெங்களூரு ஜக்கூரில் நிற்கிறது. மூவரும் சேர்ந்தே வருடத்துக்கு ஐம்பது மணி நேரம் பறந்தால் அதிகம். விற்றவர் ‘ஏடி எல்லாம் கிளியர்’ என்று ஒரு பட்டியல் தந்தார், படம் இணைத்திருக்கிறேன். இப்போது ஏஆர்சி, அதாவது பறக்கும் தகுதி மறுஆய்வுச் சான்று, புதுப்பிக்கும் நேரம். புதிதாக வந்த ஏஎம்இ (விமானப் பராமரிப்புப் பொறியாளர்), முன் இருக்கை ஏடி கெடு தாண்டிவிட்டது என்கிறார். ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டான கிராங்க்ஷாஃப்டின் ஏடி 98-02-08-க்கு எஞ்சின் லாக் புக்கில் ‘சி-டபிள்யூ’ என்று மட்டும்தான் இருக்கிறது, சரியான பதிவு இல்லை, ப்ரொப்பெல்லரைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்றும் சொல்கிறார். இருக்கை வேலை நடந்து 14 மாதம் ஆகிறது, ஆனால் அதற்குப் பிறகு 62 மணி நேரம்தான் ஓடியிருக்கிறது. நூறு மணி நேரம் வரை கவலை இல்லை என்கிறார் நண்பர். சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் விமானத்துக்கு இத்தனை கெடுபிடியா? சர்வீஸ் புல்லட்டின்களையும் செய்தாக வேண்டுமா? வரும் ஞாயிறு ஓசூர் வரை போய்வரலாம் என்று இருக்கிறோம். போகலாமா?”

— ஒரு வாசகர், பெங்களூரு

பதில்:

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். உங்கள் ஏஎம்இ சொன்ன இரண்டும் சரி. இருக்கை ஏடி முடிந்து அவர் கையெழுத்துப் போடும் வரை விமானம் ஹேங்கரிலேயே இருக்கட்டும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. ஏடி என்றால் ஏர்வொர்த்தினெஸ் டைரக்டிவ். ஒரு விமானத்திலோ எஞ்சினிலோ ப்ரொப்பெல்லரிலோ ஆபத்தான குறை இருப்பது தெரிய வந்தால், அதை இப்படிச் சோதி, இதை மாற்று, இத்தனை நாளுக்குள் செய் என்று அரசு போடும் கட்டாய ஆணை. செஸ்னாவும் லைகாமிங்கும் அமெரிக்காவில் வடிவமைக்கப்பட்டவை என்பதால் இவற்றுக்கான ஏடியை அந்நாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ வெளியிடுகிறது. விடி என்று தொடங்கும் பதிவெண் கொண்ட நம் விமானங்களுக்கு இந்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ அதை இங்கும் கட்டாயமாக்கியிருக்கிறது. விமானம் வாடகைக்கு ஓடுகிறதா, சொந்த உபயோகத்துக்கா என்று ஏடி பார்ப்பதில்லை. அந்த மாடலும் அந்த வரிசை எண்ணும் பட்டியலில் இருந்தால் அது உங்களுக்குத்தான்.

உங்கள் நண்பரின் நூறு மணி நேரக் கணக்கு எங்கே தவறுகிறது என்று பார்ப்போம். செஸ்னா இருக்கைத் தண்டவாளத்துக்கான இப்போதைய ஏடியின் எண் 2011-10-09. நூறு மணி நேரம் அல்லது பன்னிரண்டு மாதம், எது முதலில் வருகிறதோ அதற்குள் மறுபடியும் பார்க்க வேண்டும் என்கிறது அது. குறைவாகப் பறக்கிறவர்களுக்கு எப்போதும் மாதக் கெடுதான் முதலில் வரும். 62 மணி நேரம் என்பதால் இன்னும் 38 மணி நேரம் மிச்சம் இருக்கிறது என்று தோன்றும். ஆனால் காலண்டர்படி இரண்டு மாதம் முன்பே கெடு முடிந்துவிட்டது. வழக்கமான பராமரிப்புச் சோதனைகளுக்குச் சில சமயம் கொஞ்சம் சலுகை நேரம் கிடைக்கும். ஏடியின் வாசகத்திலேயே அப்படி இருந்தால் தவிர, ஏடிக்கு அது கிடையாது.

நீங்கள் அனுப்பிய பட்டியலில் இன்னொன்று என் கண்ணில் பட்டது. இருக்கைக்கு நேராக 87-20-03 என்ற எண் இருக்கிறது. அது 1987-ஆம் ஆண்டு ஏடி. 2011-லேயே அதை நீக்கிவிட்டு 2011-10-09 வந்துவிட்டது. பழையதில் இருந்த எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, சோதனையில் கூடுதல் படிகளையும் திருத்திய படங்களையும் புதியது சேர்த்தது. அப்படியானால் உங்கள் பட்டியலை யாரோ ஒருவர் வருடா வருடம் பழைய காகிதத்தைப் பார்த்து நகல் எடுத்துக்கொண்டே வந்திருக்கிறார். ஒரு வரியில் இது நடந்திருந்தால் மற்ற வரிகளையும் நம்புவதற்கில்லை. ஏஎம்இ எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தால் அதற்கு இதுதான் காரணமாக இருக்கும்.

இருக்கைத் தண்டவாளம் என்றதும் சின்ன விஷயம் போலத் தெரியும். நானும் வேலைக்கு வந்த புதிதில் அப்படித்தான் நினைத்தேன். முன் இருக்கை இரண்டு அலுமினியத் தண்டவாளங்கள் மேல் உருளைகளில் நகர்கிறது. தண்டவாளத்தில் வரிசையாகத் துளைகள், அவற்றில் இறங்கும் பூட்டு முள்தான் இருக்கையைப் பிடித்து வைக்கிறது. வருடக்கணக்கில் ஆட்கள் ஏறி இறங்க, துளை நீள்வட்டமாகத் தேயும், முள்ளின் முனை மழுங்கும், துளையிலிருந்து விரிசல் கிளம்பும். டேக் ஆஃப் சமயத்தில் மூக்கு மேலே தூக்கியிருக்கும்போது பூட்டு விட்டுவிட்டால் இருக்கை சர்ரென்று பின்னால் போகும். கால் பெடலிலிருந்து விலகிவிடும். கையில் இருப்பது மூக்கை ஏற்றி இறக்கும் கைப்பிடியான கண்ட்ரோல் யோக் மட்டும். விழப்போகிறவர் எதையாவது பிடித்து இழுப்பது இயல்பு, பைலட் பிடித்து இழுப்பது அந்த யோக்கை. மூக்கு இன்னும் மேலே போய், தரைக்கு நூறு அடி மேலே விமானம் ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை தூக்கும் விசையை இழந்து விழும். இப்படி உயிர்கள் போயிருக்கின்றன.

1990-களில் நான் ஒரு பயிற்சிக் கழகத்தில் இருந்தபோது ஒரு மாணவருக்கு இது நேர்ந்தது. நல்லவேளை, ஓடுதளத்தில் ஓடும்போதே இருக்கை நழுவிவிட்டது. பக்கத்தில் இருந்த பயிற்சியாளர் த்ராட்டிலை இழுத்து நிறுத்தினார். மதியம் இருக்கையைக் கழற்றித் தண்டவாளத்தைப் பார்த்தேன். உயரமான மாணவர்கள் எல்லாம் வழக்கமாக உட்காரும் துளை மட்டும் நன்றாகத் தேய்ந்திருந்தது, முள் நுனி மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது. லாக் புக்கைத் திறந்தால் மூன்று வாரம் முன்பு ‘இருக்கை ஏடி முடிந்தது’ என்று பதிவு. அளவெடுத்த எண் எதுவும் இல்லை. எழுதியவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. இருக்கையை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்திருப்பார், ‘கிளிக்’ சத்தம் கேட்டிருக்கும், எழுதிவிட்டார். ஏடி கேட்பது அளவை. அன்றிலிருந்து, அளவு இல்லாத பதிவை நான் பதிவாகவே எடுத்துக்கொள்வதில்லை.

இதே காரணத்துக்காகத்தான் உங்கள் கிராங்க்ஷாஃப்ட் விஷயத்தில் ஏஎம்இ பக்கம் நிற்கிறேன். உங்கள் எஞ்சின் லாக் புக்கில் 98-02-08 என்ற எண்ணுக்கு எதிரே ‘சி-டபிள்யூ’ என்று இரண்டே எழுத்து இருப்பதாகச் சொல்கிறீர்கள். கம்ப்ளைட் வித், அதாவது செய்தாயிற்று. என்ன செய்தார்கள்?

இந்த ஏடியைக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் விமானம் கடலோரத்திலிருந்து வந்தது. லைகாமிங்கின் இந்த வகை கிராங்க்ஷாஃப்டின் முன்பகுதி உள்ளே குழாய் போல வெற்றாக இருக்கும். பிட்ச், அதாவது இதழின் கோணம், மாறும் ப்ரொப்பெல்லர் பொருத்தினால் அந்த வழியாக ஆயில் போகும். உங்களுடையது போன்ற நிலையான பிட்ச் ப்ரொப்பெல்லருக்கு அது தேவையில்லை, முன்னால் ஒரு ப்ளக் வைத்து அடைத்துவிடுவார்கள். அடைத்த குழாய்க்குள் ஈரமும் எரிந்த ஆயிலின் அமிலமும் தங்கும். எஞ்சின் தினமும் ஓடினால் சூட்டில் ஈரம் போய்விடும். மாதக்கணக்கில் நின்றால் உள்சுவரில் துரு பிடித்துச் சின்னச் சின்னக் குழிகள் விழும். குழியிலிருந்து விரிசல் தொடங்கி, ஷாஃப்ட் முறிந்து, பறக்கும்போதே ப்ரொப்பெல்லர் கழன்று போகலாம். இதற்காகத்தான் அந்த ஏடி. ப்ரொப்பெல்லரைக் கழற்றி, ப்ளக்கை எடுத்து, உள்ளே பார்க்கச் சொல்கிறது.

பார்த்த பிறகு வழி பிரிகிறது. குழி இல்லை என்றால் ஒரு வேலை. குழி இருந்தால் ஒளிரும் சாயம் ஊற்றி விரிசல் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். விரிசல் இல்லாமல் குழி மட்டும் இருந்தால் ஷாஃப்டை மாற்றும் வரை மறுபடி மறுபடி திறந்து பார்க்க வேண்டும். விரிசல் இருந்தால் அதோடு அந்த ஷாஃப்டின் ஆயுள் முடிந்தது. உங்கள் விமானம் இந்த மூன்றில் எந்த வழியில் போனது என்பதை அந்த இரண்டு எழுத்தை வைத்துச் சொல்ல முடியாது. ‘செய்தாயிற்று, குழி இருந்தது, ஆறு மாதத்தில் திரும்பப் பார்க்கணும்’ என்று அன்று யாரோ வாயால் சொல்லியிருக்கலாம், அந்த ஆள் இப்போது எங்கே இருக்கிறாரோ. மங்களூருவின் உப்புக் காற்றில் வருடக்கணக்கில் நின்ற எஞ்சின் இது. நான் உங்கள் ஏஎம்இ இடத்தில் இருந்தால் நானும் ப்ரொப்பெல்லரைக் கழற்றத்தான் சொல்வேன். அதற்கு முன் ஒரு முயற்சி செய்யலாம். பழைய உரிமையாளரிடம் அந்தக் காலத்து ஒர்க் ஆர்டர், பில், புதிய ப்ளக் வாங்கிய ரசீது, எது இருந்தாலும் கேளுங்கள். வேலை எப்படி நடந்தது, உள்ளே என்ன தெரிந்தது என்று எழுதியிருந்தால் ஏஎம்இ அதை ஏற்பது பற்றி யோசிக்கலாம். முடிவு அவருடையது, கையெழுத்தும் லைசென்ஸும் அவருடையவை.

ஒரு ஏடி பதிவில் இருக்க வேண்டியவை: ஏடியின் எண், திருத்தம் ஏதேனும் இருந்தால் அதன் எண், தேதி, அப்போதைய மணி நேரம், அதில் சொன்ன எந்த முறைப்படி செய்தது, என்ன தெரிந்தது, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியது என்றால் அடுத்தது எப்போது, கையெழுத்தும் லைசென்ஸ் எண்ணும். நாலு வரியில் அடங்கிவிடும். எழுத ஐந்து நிமிடம் ஆகும்.

பதிவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உங்கள் விமானம் சாராத ஒன்றையும் சொல்ல வேண்டும். 2018 ஏப்ரல் 4 அன்று அமெரிக்காவின் டேடோனா பீச்சில் ஒரு பயிற்சி பைப்பர் ஏரோ விமானத்தின் இடது இறக்கை பறக்கும்போதே கழன்றது. மாணவரும் தேர்வாளரும் இறந்தார்கள். இறக்கையைத் தாங்கும் முக்கிய விட்டத்தில், போல்ட் துளையிலிருந்து, திரும்பத் திரும்பச் சுமை ஏறி இறங்குவதால் வரும் களைப்பு விரிசல் வளர்ந்திருந்தது. விமானம் 7,691 மணி நேரம் ஓடியிருந்தது. இதற்குப் பிறகு வந்த 2020-26-16 என்ற ஏடி பல பைப்பர் மாடல்களுக்கு அந்தத் துளைகளை, மின்காந்தத்தால் விரிசல் தேடும் எடி கரன்ட் முறையில் சோதிக்கச் சொல்கிறது. ஆனால் எல்லா விமானத்துக்கும் உடனே அல்ல. அதற்கு ஒரு கணக்கு வைத்தார்கள். பயிற்சியிலும் வாடகையிலும் ஓடும் விமானங்களுக்கு நூறு மணி நேரச் சோதனை கட்டாயம் என்பதால், அப்படி எத்தனை சோதனை நடந்தது என்று எண்ணி நூறால் பெருக்க வேண்டும். மீதி மணி நேரத்தைப் பதினேழால் வகுத்து அதோடு கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை 5,000 வந்தால் சோதனை.

6,000 மணி நேரம் ஓடிய இரண்டு விமானங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று முழுக்கப் பயிற்சியில் ஓடியது, அறுபது சோதனைகள். அதன் கணக்கு 6,000. இன்னொன்றில் இருபது சோதனைகள்தான். 2,000-த்தோடு, மீதி 4,000-த்தைப் பதினேழால் வகுத்து வரும் 235-ஐக் கூட்டினால் 2,235. முதலாவதன் இறக்கையை உடனே பார்க்க வேண்டும், இரண்டாவது காத்திருக்கலாம். இதைத் தீர்மானிப்பது லாக் புக்கில் இருக்கும் வரிகளின் எண்ணிக்கை. யாரோ ஒருவர் இருபது வருடம் முன்பு சோம்பலில் எழுதாமல் விட்ட பதிவு, இன்று ஒரு விமானத்தின் இறக்கையைச் சோதிக்காமல் விடச் செய்யலாம். எனக்கு இந்த ஏடியைப் படித்த அன்று இரவு தூக்கம் சரியாக வரவில்லை. நானே அவசரத்தில் சுருக்கி எழுதிய பதிவுகள் எத்தனை இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சரி, உங்கள் பட்டியலுக்கு வருவோம். விற்றவர் தந்ததைத் தூக்கி வைத்துவிட்டுப் புதிதாக ஒன்று தயார் செய்யுங்கள். இதை ஏஎம்இ-யின் வேலை என்று விட்டுவிட வேண்டாம். டிஜிசிஏ-வின் கார்-எம் என்ற பராமரிப்பு விதிகளின்படி விமானத்தின் தொடர் பறக்கும் தகுதிக்குப் பொறுப்பு உரிமையாளர், அதாவது நீங்கள் மூவரும். எஃப்ஏஏ-வின் டிஆர்எஸ் என்ற இணையதளத்தில் எல்லா ஏடிகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. விமான மாடலுக்கு ஒரு தேடல், எஞ்சின் மாடலுக்கு ஒன்று, ப்ரொப்பெல்லருக்கு ஒன்று. அதன் பிறகுதான் பலரும் கோட்டைவிடும் இடம் வருகிறது: உபகரணங்கள். மேக்னீட்டோ (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தருவது), கார்புரேட்டர், சீட் பெல்ட், ஆயில் ஃபில்டர் அடாப்டர் போன்றவற்றுக்கு அவற்றின் தயாரிப்பாளர் பெயரில் ஏடி வரும். செஸ்னா 172 என்று தேடினால் இவற்றில் பல வராது.

இக்னிஷன் ஸ்விட்ச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். அது பெண்டிக்ஸ் தயாரிப்பு என்றால் 76-07-12 பொருந்தக்கூடும், ஏசிஎஸ் தயாரிப்பு என்றால் வேறு ஏடி. பெண்டிக்ஸ் சோதனை மிக எளிது. எஞ்சின் ஐடிலில், அதாவது மிக மெதுவாக, ஓடும்போது சாவியை ஆஃப் நிலையையும் தாண்டி, கடைசி வரை திருப்பிப் பார்க்க வேண்டும். எஞ்சின் நிற்க வேண்டும். நிற்காமல் ஓடினால் ஸ்விட்ச் கெட்டுவிட்டது, மேக்னீட்டோ இன்னும் உயிரோடு இருக்கிறது. ஹேங்கரில் ப்ரொப்பெல்லரைத் துடைக்க வரும் பையன் சாவி ஆஃபில் இருக்கிறது என்று நம்பித்தான் அதைக் கையால் திருப்புகிறான். எஞ்சின் ஒரே ஒரு தடவை அடித்தால் போதும், அவன் கை போய்விடும். நூறு மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு நிமிடம் செலவாகும் சோதனை இது. உங்கள் பட்டியலில் இந்த எண்ணே இல்லை. எந்த ஸ்விட்ச் என்று பேனலுக்குப் பின்னால் பார்த்து முதலில் உறுதி செய்யுங்கள்.

சர்வீஸ் புல்லட்டின் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது தயாரிப்பாளர் வெளியிடுவது. மேலே ‘மேன்டேட்டரி’ என்று அவர்கள் அச்சடித்திருந்தாலும் அது மட்டுமே ஏடி ஆகிவிடாது. ஆனால் ஏடியே ஒரு புல்லட்டினைக் குறிப்பிட்டு இதன்படி செய் என்று சொன்னால் அது கட்டாயம். உங்கள் விமானத்துக்கு ஒப்புதல் பெற்ற பராமரிப்புத் திட்டத்தில் சேர்ந்திருந்தாலும் கட்டாயம். மற்றவற்றை ஒவ்வொன்றாகப் படித்து, செய்வதா வேண்டாமா என்று ஏஎம்இ-யோடு பேசி முடிவெடுங்கள். ஒன்றை மட்டும் நான் வற்புறுத்துவேன். பைலட் இருக்கைக்கு இரண்டாவது பூட்டாக ஒரு ரீல் பொருத்தும் புல்லட்டின் செஸ்னாவிடம் இருக்கிறது, எஸ்இபி 07-5. முள் விட்டாலும் இருக்கை பின்னால் ஓடாமல் அது பிடித்துக்கொள்ளும். உங்கள் விமானத்தில் இல்லை என்றால் போட்டுவிடுங்கள். அந்த மாணவரின் முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

கெடு தாண்டிய இரண்டு மாதம் பறந்துவிட்டீர்கள். அதை மறைக்கப் பார்க்க வேண்டாம். பழைய தேதி போட்டு எழுதித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவரை ஹேங்கர் பக்கமே விடாதீர்கள். வேலை எந்தத் தேதியில் நடக்கிறதோ அந்தத் தேதியே பதிவில் வரட்டும். ஏஆர்சி பார்க்க வருகிறவரிடமும் நடந்ததை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். காப்பீட்டு ஆவணத்தையும் எடுத்துப் படியுங்கள். விமானம் பறக்கும் தகுதியோடு இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருக்கும். அந்த இரண்டு மாதத்தில் ஏதாவது நடந்திருந்தால் உங்கள் மூன்று குடும்பங்களும் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள்.

பணம் பற்றி நேராகக் கேட்கத் தயங்கியிருக்கிறீர்கள், வரிகளுக்கு நடுவே தெரிகிறது. ப்ரொப்பெல்லரைக் கழற்றி மாட்டுவது பெரிய வேலை இல்லை, ஒரு நாள் வேலை. உள்ளே குழி இருந்தால்தான் செலவு. அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. மூவரும் ஒவ்வொரு மணி நேரப் பறப்புக்கும் இவ்வளவு என்று ஒரு பொதுக் கணக்கில் போட்டு வாருங்கள். பெட்ரோலுக்குப் பங்கு பிரிப்பவர்கள் இதற்குப் பிரிப்பதில்லை, அப்புறம் ஏஆர்சி சமயத்தில் ஏஎம்இ மேல் கோபம் வருகிறது. உங்களிடம் வேலை குறைவாகச் சொல்லியிருந்தால் அவருக்கு உங்கள் நட்பு கிடைத்திருக்கும். அது வேண்டாம் என்று உண்மையைச் சொல்லியிருக்கிறார். இவரை விட்டுவிடாதீர்கள்.

இருக்கையைக் கழற்றும் அன்று மூவரும் ஹேங்கருக்குப் போங்கள். டார்ச் அடித்துத் தண்டவாளத் துளைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள், ஏஎம்இ அளவெடுக்கும்போது எண்ணை நீங்களும் எழுதிக்கொள்ளுங்கள். ப்ளக்கை எடுத்த பிறகு கிராங்க்ஷாஃப்டுக்குள் என்ன தெரிந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதிப்போடுங்கள், படம் இருந்தால் இன்னும் நல்லது. குழி ஏதும் இருந்தால் அடுத்து என்ன செய்யலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.